முயலின் பீப்பாயில் சிக்கிய சாயம்

ஒரு காட்டில் ஓர் ஆறு, திங்கட்கிழமை ஊதாவாகவும் வெள்ளிக்கிழமை சிவப்பாகவும் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் மேற்புறத்தில் பல்லழகன் என்ற கழுதைப்புலி சாயப்பட்டறை வைத்திருந்தது. கீழே நீள்செவி என்ற பெண்முயல் கீரை பயிரிட்டு வந்தது. பாத்திக்குப் பாய்ச்ச அதற்கு அந்த ஆற்றை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

ஒருநாள் அந்தக் கீரையைத் தின்ற முயல்குட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டன. முயல் பட்டறைக்கு ஓடியது.

"ஐயா, சாயத் தண்ணியை ஆத்துல விடாதீங்க. பிள்ளைங்க பிழைக்கணும்."

"அது என் சாயம்னு எப்படிம்மா சொல்றே?" என்று கழுதைப்புலி அன்பாகக் கேட்டது. "ஆறு பொது. யார் யாரோ எதை எதையோ விடுறாங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

இதனிடம் பேசிப் பயனில்லை என்று முயல் திரும்பிவிட்டது. ஓர் ஓட்டைப் பீப்பாயைத் தேடிப்பிடித்து, அடியில் கூழாங்கல், நடுவில் கரித்தூள், மேலே மணல் என்று நிரப்பி, ஆற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தது. சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் இறங்கியது. பழைய கீரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக விதைத்தது. கீரை பச்சையாகவே முளைத்தது. தேறிவந்த குட்டிகள் அதைத் தின்றுவிட்டுத் துள்ளின. அன்றுதான் முயல் நிம்மதியாகத் தூங்கியது.

விடிந்ததும் சிங்கராஜாவின் சபையிலிருந்து ஆள் வந்தது. திருட்டு வழக்கு.

"ராஜா, இந்த முயலோட பீப்பாய் நிறைய என் சாயம் படிஞ்சிருக்கு" என்றது கழுதைப்புலி.

"நீங்கதானே வேண்டாம்னு ஆத்துல விட்டீங்க?" என்றது முயல்.

"ஆத்துல விட்டேன். உன்கிட்டயா கொடுத்தேன்?"

சிங்கம் பிடரியைச் சொறிந்தபடி யோசித்தது. அந்தப் பிடரிக்கு மாதாமாதம் பொன்னிறம் ஏற்றிக்கொடுப்பது பல்லழகனின் பட்டறைதான். "பொருளை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு முயல் சிறைக்குப் போகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னது.

முயல் சாயச் சேற்றை வழித்தெடுத்துச் சுமந்துபோய்ப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுச் சிறைக்குப் போனது. கழுதைப்புலி மூக்கைப் பொத்திக்கொண்டது. அந்த நாற்றத்தை எங்கே வைத்துக்கொள்வது? அப்போதே ஆற்றில் தள்ளிவிட்டது. சாயம் மிதந்துவந்து மறுபடி பீப்பாயில் சிக்கியது. மறுபடி முயல்மேல் வழக்கு.

இப்போது பீப்பாயில் தண்ணீர் ஊற்றுவது குட்டிகளின் வேலை. கீரை செழித்துக் கிடக்கிறது. குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்து, வாரந்தோறும் சிறைக்குப் போய் அம்மாவுக்கு ஒரு கட்டுக் கீரை கொடுத்துவிட்டு வருகின்றன.

நீதி: கழிவு ஆற்றில் ஓடும்வரை ஊருக்குச் சொந்தம், வடிகட்டியில் சிக்கிவிட்டால் முதலாளிக்குச் சொந்தம்.