வறட்சியாரும் உறிஞ்சிக்கல்லும்

அவர் தண்ணீரைப் பார்த்து "போ" என்றால் அது போய்விடுமாம். இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லையாம். பெற்ற பிள்ளைகூட இந்தக் காலத்தில் அப்படிக் கேட்பதில்லை. தண்ணீர் கேட்கிறது என்றால் அவர் மகானாகத்தானே இருக்க வேண்டும்?

தெரு அவருக்கு வைத்த பெயர் வறட்சியார். மழைக்காலம் பிறந்துவிட்டால் அவர் வீட்டு வாசலில் வரிசை வளைந்து வளைந்து போகும். வக்கீல் நிற்பார். வங்கி மேலாளர் நிற்பார். வகுப்பில் ஆவியாதலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பாடம் எடுக்கும் அறிவியல் ஆசிரியரும் குடையை மடக்கிக்கொண்டு பயபக்தியோடு நிற்பார். எல்லாருக்கும் ஒரே வேண்டுதல்தான்: "எங்க பேஸ்மென்ட்ல தண்ணி நிக்குது சாமி, கொஞ்சம் போகச் சொல்லுங்க."

அந்தத் தெரு ஒரு பள்ளத்தில் இருந்தது. மழை வலுத்தால் நிலத்தடி நீர் மேலேறி, பேஸ்மென்ட் தரை வழியாகக் கசிந்து வரும். அதை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு மூலையில் குழி உண்டு. குழிக்குள் ஒரு பம்பு, பம்பில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஏறினால் பம்பு ஓடும். தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போய்விடும். இதில் புரியாத சங்கதி ஏதுமில்லை. ஆனால் குழியின் மூடியைத் தூக்கிப் பார்க்க ஒருவர் குனிய வேண்டும். வறட்சியார் காலில் விழக் குனிந்த முதுகுகள் எல்லாம் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வளைய மறுத்தன.

நம் கதை நடந்த கட்டடத்தின் பேஸ்மென்டில் ஒரு வேஷக்கடை இருந்தது. நாடகத்துக்கும் பள்ளி விழாவுக்கும் உடைகளை வாடகைக்கு விடும் கடை. ராஜா அங்கி, போலீஸ் தொப்பி, கரடித் தோல், பேய் முடி எல்லாம் கொடிக் கம்பிகளில் தொங்கும். கடைக்காரி நாற்பதைத் தொட்டவள், தனியாள். மேலே இரண்டாம் மாடியில் அவள் அக்காவும் அத்தானும் குடியிருந்தார்கள். அத்தான்தான் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். நல்ல மனிதர். யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார் என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. ஆனால் அந்த ஒன்றே ஒன்பது பேருக்குப் போதும்.

முந்தின மழையில் அந்தக் கட்டடத்துப் பம்பு ஓடவில்லை. முழங்கால் தண்ணீர். கரடி நனைந்தது, போலீஸ் நனைந்தார், மூன்று ராஜாக்கள் சாயம் போய் ஒரே நிறமானார்கள். கடைக்காரி அழுதுகொண்டே பிழிந்து காயப்போட்டாள்.

"பம்புக்காரனைக் கூப்பிடுங்க அத்தான். என்ன கோளாறுன்னு பார்க்கட்டும்."

"பம்புக்காரனா? அட நீ ஒண்ணு. வறட்சியாரையே வரச் சொல்லியிருக்கேன். எவ்வளவு கெஞ்சி வாங்கின நாள் தெரியுமா!"

வறட்சியார் வந்தார். கறுப்பு அங்கி, நரைத்த தாடி, கையில் வளைந்த கோல். கடைக்காரி அங்கியைத்தான் முதலில் பார்த்தாள். "வெல்வெட்டு. பாவம், வேர்த்துக் கொட்டுமே" என்று மனசுக்குள் இரக்கப்பட்டாள். தொழில் புத்தி.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "தண்ணிக்கு ரோஷம் வந்திருக்கு. இரும்பை வெச்சு அதை விரட்டுறீங்க. விரட்டினா யாருக்குத்தான் கோபம் வராது? இந்த இரும்பை முதல்ல வெளியே எடுங்க. வெறுமனே தூக்கிப் போட்டாத் தோஷம் ஒட்டிக்கும். நானே கொண்டுபோயி அடக்கம் பண்ணிடுறேன்."

பம்பு போனது. அதை அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், பாவம், தன் செலவில். இரண்டு நாள் கழித்து உறிஞ்சிக்கல்லோடு வந்தார். கறுப்பாக, ஒரு பூசணிக்காயை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். "கல்லு தாகம் தீர்க்கிற வாய்" என்றார். உச்சியிலிருந்து சிவப்புத் துணி சுற்றிய ஒரு கயிறு கிளம்பி, சுவரில் அவரே அறைந்த ஒரு மரப்பெட்டிக்குள் போனது. "சக்திக் கயிறு. பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. திறந்த கண்ணு அவிஞ்சுடும்." முதுகிலிருந்து ஒரு தடித்த குழாய் கிளம்பி ஜன்னல் வழியாக வெளியே போனது. "இது மூச்சுக்குழாய். கல்லுக்கும் மூச்சு முட்டுமில்ல?"

கூட்டம் தலையாட்டியது. முட்டத்தானே செய்யும்!

எல்லாரையும் மேலே போகச் சொன்னார். சாயங்காலம் இறங்கிப் பார்த்தால் தரை காய்ந்து கிடந்தது. குழிக்குள் கல் "உம்ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தது. ஜபம் செய்கிறதாம்! பல் டாக்டர் குழியோரம் படுத்துக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கண்ணீரோடு எழுந்தார். "என் பேரைச் சொல்லுதுங்க!" பல் பிடுங்கும் கருவியும் இதே மாதிரிதான் முனகும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? முனகலில் ஒருத்திக்கு மருமகளைப் பற்றிய எச்சரிக்கை கேட்டது. ஒருவருக்கு வேலை உயர்வு கேட்டது. காணிக்கைத் தட்டு நிரம்பியது. தெருவில் மற்றக் கட்டடங்களுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு கல் வந்து இறங்கியது. மாதம் ஒருமுறை வறட்சியார் வந்து கல்லை எடுத்துப் போய், "விரதம்" முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அதற்குத் தனிக் காணிக்கை. அக்கா தன் தங்க வளையலைக் கழற்றித் தட்டில் போட்டாள். தங்கச்சி கடை நனையாமல் இருக்க வேண்டுமே என்ற பாசம்.

வளையல் போட்ட மறுவாரமே வறட்சியாருக்கு ஒரு கனவு வந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் கனவு சரியான வேளை பார்த்துத்தான் வரும்.

அத்தான் தலையைச் சொறிந்தபடி கடைக்கு இறங்கி வந்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல... கல்லுக்கு இந்தப் பொய் முகமெல்லாம் பிடிக்கலையாம். கரடி, பேயி இதெல்லாம். இந்த இடத்தைத் தியான மண்டபமா மாத்தணுமாம். சாமியே இங்க வந்து தங்கிக்குவாராம்."

"நான் எங்க போறது அத்தான்?"

"மாசக் கடைசிக்குள்ள... சங்கத்துல எல்லாரும் கைதூக்கிட்டாங்க. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

"நீங்களும் தூக்கினீங்களா?"

அத்தான் கரடியைப் பார்த்தார். அதன் காதை நேராக்கிவிட்டுப் படியேறினார்.

அவள் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு தொங்கும் உடைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷம் சேர்த்த உடைகள். வேறு இடம் பார்க்கவும் வழியில்லை. அப்போது கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. கூடவே மூலையில் முனகலும் நின்றது.

அவள் நிமிர்ந்தாள். கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. கல் ஜபத்தைத் தொடர்ந்தது.

"அடேங்கப்பா," என்றாள், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவளாக. "சாமிக்கும் மீட்டர் ஓடுதா?"

மண்டபத் திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில். வெளியே மூன்று நாளாக விடாத மழை. தெருவே திரண்டு பேஸ்மென்டில் அடைந்திருந்தது. வறட்சியார் கோலை உயர்த்தினார். "மேல வானம் கொட்டுது, கீழ ஒரு சொட்டு இல்ல. பார்த்தீங்களா?"

"பார்த்தோம்!" என்றது கூட்டம்.

"எனக்கொரு சந்தேகம் சாமி," என்றாள் கடைக்காரி. கூட்டம் திரும்பி முறைத்தது. "இந்தக் கல்லுக்குக் கரண்ட் வேணுமா?"

"கரண்டா?" வறட்சியார் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. "மனுஷன் கண்டுபிடிச்ச கரண்டு, மலை கண்ட கல்லுக்கு எதுக்கும்மா?"

"அதைத்தான் கேட்டேன். அப்ப மெயின் சுவிட்சைக் கொஞ்ச நேரம் அணைச்சு வெச்சா ஒண்ணும் ஆகாதே? பகல்தான். ஜன்னல் வெளிச்சம் இருக்கு."

வெல்வெட்டுக்குள் வேர்க்கத் தொடங்கியது. "நம்பிக்கை இல்லாத கை பட்டா கல்லு மௌனமாயிடும்."

"என் கை வேண்டாம். அத்தான் அணைக்கட்டும். அவரைவிட நம்பிக்கைக்காரர் இந்தத் தெருவிலேயே கிடையாது. என்ன சாமி, அவர் கையும் சுத்தமில்லையா?"

அத்தானுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் காலைத் தொட்ட கை! "சாமி, நானே போறேன். இவ வாயை இன்னையோட அடைச்சிடலாம்" என்று விறுவிறுவென்று படியேறினார். வறட்சியார் "இருப்பா, இருப்பா, நேரம் சரியில்ல" என்பதற்குள் மேலே "டக்" என்றது.

விளக்கு போனது. ஜபம் நின்றது. அடுத்து நடந்ததை வறட்சியாரே எதிர்பார்க்கவில்லை. மூச்சுக்குழாயில் ஏறியிருந்த தண்ணீர் முழுக்க "களக் களக்" என்று திரும்பிக் குழிக்குள் இறங்கியது. கல் நீளமாக ஒரு ஏப்பம் விட்டது.

"தியானத்துல இருக்கு," என்றார் வறட்சியார்.

தியானம் தொடர்ந்தது. குழி நிறைந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி மெல்லத் தரையில் பரவி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பல் டாக்டரின் வேட்டியைத் தொட்டது. அவர் துள்ளி எழுந்தார்.

"போன்னு சொல்லுங்க சாமி," என்றாள் கடைக்காரி. "நீங்க சொன்னாத்தான் கேக்குமே!"

வறட்சியார் கோலை ஆட்டி "போ!" என்றார். தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது. "போ போ!" அங்கியின் ஓரத்தை நனைத்தது.

"அத்தான், இப்ப போடுங்க!"

மேலே "டக்". கீழே "உம்ம்ம்ம்". குழியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அணைத்தால் தியானம், போட்டால் ஜபம் என்று அத்தான் தன் சந்தேகம் தீரும்வரை மூன்று தரம் செய்தார். அதன்பிறகு கீழே இறங்கி வந்தபோது அவர் முகத்தில் பக்தி இல்லை. நேரே போய் மரப்பெட்டியைப் பிடுங்கினார். கண் அவியவில்லை. உள்ளே ஒரு பிளக் பாயிண்ட். சிவப்புத் துணிக்குள்ளிருந்து வந்த வயர் அதில் சொருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுக் கல்லை வெளியே தூக்கினார். தரையில் போட்டதும் கல்லின் பொய்த்தோடு இரண்டாகப் பிளந்தது.

உள்ளே பம்பு. அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் கட்டடத்து எண். பம்பு வாங்கிய அன்று அத்தானே எழுதியது. கோணல்மாணலான அவர் கையெழுத்தை அவருக்குத் தெரியாதா?

"இது நம்ம பம்புங்க!"

"எங்கள்ட்ட இருந்து எடுத்துட்டுப்போயி எங்களுக்கே காணிக்கை வாங்கிட்டுக் கொடுத்தீங்களா?" என்றாள் அக்கா, வெறும் மணிக்கட்டைப் பிடித்தபடி.

வறட்சியார் தாடியைத் தடவினார். "நான் எங்கம்மா ஏமாத்தினேன்? தண்ணி வத்திச்சா இல்லையா?"

"வத்திச்சு," என்றாள் கடைக்காரி. "இதுல என்னதான் கோளாறு இருந்துச்சு? அதையாவது உண்மையைச் சொல்லுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். வேறு வழியில்லை. "மிதவையில ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்துச்சு. எடுத்துட்டேன். அவ்ளோதான்."

ஒரு பை! அதை எடுக்க ஒருவர் குனிந்திருந்தால் ராஜாக்கள் மூவரும் தனித்தனி நிறத்தோடு ஆண்டிருப்பார்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: மாதாமாதம் அவர் நடத்திய "விரதம்" என்பது பம்பின் சல்லடையில் அடைத்த சேற்றைக் கழுவுவதுதான். அந்தத் தெருவிலேயே பம்பை ஒழுங்காகப் பராமரித்த ஒரே மனிதர் அந்தத் திருடர்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

தெருவாசிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த கணம் வாசலில் நெரிசல். அவரவர் பேஸ்மென்டுக்கு ஓடி அவரவர் கல்லை உடைத்தார்கள். வீடு தவறாமல் அவரவர் பம்பு. போலீஸ் வந்தபோது வறட்சியார் வெல்வெட்டைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். வளையல் உருகுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அத்தான் மச்சினியின் கடைக்கு வந்து நின்றார். மண்டபத்துக்காக மூட்டை கட்டியிருந்த அங்கிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டுக் கொடுத்தார். அவள் காபி கொடுத்தாள்.

பழைய பம்புக்கு வயதாகிவிட்டது. புதிது வாங்கச் சங்கம் கூடியது. பல் டாக்டர் எழுந்தார். "இருக்கிறதுலயே பெருசா வாங்குவோம்!"

"வேண்டாம்," என்றாள் கடைக்காரி. "பம்புக் கடையில விசாரிச்சேன். அளவுக்கு மீறிப் பெருசுன்னா குழியை நொடியில காலி பண்ணிட்டு நிக்கும், திரும்ப ஓடும், திரும்ப நிக்கும். அப்படியே கருகிப்போயிடும். நம்ம குழி எவ்வளவு வேகமா நிறையுது, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணியை ஏத்தணும், அதைப் பார்த்து வாங்கணும். ஏறின தண்ணி திரும்பி வராம ஒருவழி வால்வு. மழையிலதான் கரண்ட் போகும், அதனால பேட்டரியில ஓடுற இன்னொண்ணு. குழிக்கு நல்ல மூடி."

"அப்புறம்?"

"அப்புறம் யாராவது குனியணும். மாசம் ஒருதரம் ஒரு வாளித் தண்ணி ஊத்தி மிதவை ஏறுதா, பம்பு ஓடுதான்னு பார்க்கணும். சல்லடையைக் கழுவணும்."

குனிகிறவர்கள் பட்டியலில் முதல் மாதத்துக்கு அத்தான் தன் பெயரைத் தானே போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது மூன்றாம் மாடிக்காரர் கடைக்காரியை ஓரமாக அழைத்தார். "எல்லாம் சரிம்மா. ஆனா அவர் கை பட்டதாலதானே அந்தப் பழைய பம்பு இத்தனை நாள் ஓடுச்சு? அதையும் யோசிக்கணுமில்ல?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்:

"ஐயா, தரைக்குக் கீழ நிக்கிற தண்ணியை வாரி இறைக்கக் கடையில பம்பு விக்குது. மண்டைக்குள்ள தேங்குறதை நாமதான் இறைக்கணும். அதுக்குப் பேரு யோசிக்கிறது. இன்னைக்கே ஆரம்பிங்க, உங்களுக்குக் கொஞ்சம் ஆழமாத்தான் நிக்குது."