சார்மாவுக்குச் சொன்ன இரண்டு நல்லதும் ஒரு குறையும்

ஸ்ரெம்ஸ்கி கார்லோவ்ட்ஸி
டிசம்பர் 10

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் ஒப்ராத் அவர்களுக்கு, தங்கள் தங்கை விதாவின் கணவன் ஸ்வெதிஸ்லாவ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் முழங்காலும், மூன்று வாரமாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியும் எப்படி என்று அறிய ஆவல். எங்கள் வீட்டுப் புனிதர் நாளுக்குத் தாங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய புகைபோட்ட விலா இறைச்சி பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றி சொல்ல இத்தனை நாள் தாமதமானதற்கு மன்னிக்கவும். அந்த விருந்தன்றுதான் வீடே இரண்டுபட்டது.

விதா தங்களிடம் என்ன சொன்னாளோ, என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக முப்பத்தெட்டு வருஷம் நடந்துகொண்டே இருந்தவன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவள் அலமாரியைத் திறந்தால் பின்னால் நிற்பேன், அடுப்பைப் பற்றவைத்தால் பக்கத்தில் நிற்பேன். "மனுசா, கால்ல கால்ல இடறாம எங்கயாச்சும் போய்த் தொலையேன்!" என்று அனுப்பிவைத்தவள் அவளேதான். அப்படிப் போய்த் தொலைந்த இடம்தான், தீயணைப்பு நிலையத்து மாடியில் வியாழக்கிழமைதோறும் கூடும் பாட்டு வட்டம். பாட்டு எழுதத் தெரியாத ஏழு பேர் கூடிப் பாட்டு எழுதுகிறோம். தலைவி மிலாங்கா அம்மா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் போட்ட சட்டம் இதுதான்: ஒருவர் தன் பாட்டைப் பாட வேண்டும். மற்றவர்கள் முதலில் இரண்டு நல்லது சொல்ல வேண்டும், அப்புறம் ஒரு குறை. பாடியவர் வாயைத் திறக்கவே கூடாது. கடைசியில் "நன்றி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார வேண்டும். இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், விதாவுக்கும் மனப்பாடம் ஆகிற அளவுக்கு வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

டிசம்பர் பதினான்காம் தேதி அவளுக்கு அறுபது நிறைகிறது. அன்றைக்குப் பாட வேண்டும் என்று ரகசியமாக ஏழு சரணத்தில் ஒரு பாட்டு எழுதி வட்டத்துக்குக் கொண்டுபோனேன். மிலாங்கா அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தாளம் தப்பலை, நல்லது. குரல் கேட்குது, அதுவும் நல்லது. ஆனா தான்யூப் அமைதியா ஓடுதுன்னு இந்த ஊர்ல எழுதாதவன் யாருய்யா? கீழ தீயணைப்பு வண்டி ஓட்டுறவர்கூட எழுதிட்டார். ஆத்தை எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன். அடுத்த வாரம் நிலாவை எடுக்கச் சொன்னார், அதற்கடுத்த வாரம் கண்ணீரை. எனக்கு ஆறுதல் திரிவுன்தான். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற அதே திரிவுன், இப்போது தேனீ வளர்க்கிறான். சாட்சி நின்றவன் கூம், சொந்தத்துக்கும் மேல்; அவன் மனம் நோக நாமும் பேசக் கூடாது, அவனும் பேச மாட்டான் என்பது தங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு வாரமும், "கூமே, ஒண்ணு அருமை, ரெண்டு பிரமாதம். குறைன்னா, பாட்டு முடிஞ்சிடுதே, அதுதான் குறை" என்பான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துவிட்டது, மச்சான்.

விருந்தன்று மேசையில் பதினொரு பேர், பாதிரியார் உட்பட. விதா விடியற்காலையிலிருந்து முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டிச் சுருட்டி, தாங்கள் அனுப்பிய விலாவை அடியில் போட்டு, அண்டா நிறையச் சார்மா வேகவைத்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டு "ஆகா" என்றார்கள். வெறும் "ஆகா" ஒரு கருத்தா? நான் எழுந்து நின்றேன். கையில் முள்கரண்டி வேறு. "இலை பதமா இருக்கு, ஒண்ணு. வாசனை தூக்குது, ரெண்டு. குறைன்னு பார்த்தா, உப்பு மட்டும் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருது" என்றேன். பாதிரியார் தண்ணி கிளாஸைப் பார்த்தார். விதா என்னைப் பார்த்து, "நன்றி" அப்படின்னா. ஒரே வார்த்தை, சட்டப்படி! அட, எவ்வளவு பக்குவமா எடுத்துக்கிட்டான்னு பூரிச்சுப்போனேன், மச்சான். இன்னும் ரெண்டு சார்மா வாங்கிச் சாப்பிட்டேன். காலையில எழுந்து பார்த்தா மேசை மேல ஒரு சீட்டு: "பூனைக்குச் சோறு வை." பெட்டியைக் காணோம், அவளையும் காணோம்.

முதல் வாரம் வந்துவிடுவாள் என்று இருந்தேன். இரண்டாம் வாரம் பூனைகூட என் பக்கத்தில் உட்கார மறுத்தது. நேற்று வியாழன், வெட்கத்தை விட்டு வட்டத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மிலாங்கா அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "அடப்பாவி மனுசா! சட்டம் பாட்டுக்குய்யா, பொண்டாட்டிக்கில்லை!" என்றார். சரி, பாட்டையாவது கேளுங்கள் என்று பாடினேன். பாடி முடித்துத் திரிவுனைப் பார்த்தேன், ஒன்று அருமை இரண்டு பிரமாதம் வரும் என்று. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"கூமே, முப்பத்தஞ்சு வருஷமா நான் உன்கிட்ட ஒரு குறை சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்றேன், என்னை மன்னிச்சுக்கோ. உன் பாட்டு நல்லா இல்லை. நான் பார்த்தேன், நான் ஏங்கினேன், நான் காத்திருந்தேன்னு ஏழு சரணமும் நீயே நிக்கிற. விதா எங்கடா? அவளுக்கு உட்கார ஒரு சீட்டுகூட இல்லையே."

சுருக்குன்னு இருந்துச்சு. திருப்பி நாலு வார்த்தை கேட்கலாம்னு வாய் துடிச்சுது. சட்டம் இருக்கே! "நன்றி"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தேன். விதாவும் அன்னைக்கு இப்படித்தானே உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டு "நன்றி" சொல்லியிருப்பான்னு அப்பத்தான் உறைச்சுது. பதினொரு பேர் முன்னாடி வேற. வீட்டுக்கு வந்து பாட்டையெல்லாம் அடித்துத் தள்ளினேன். மிச்சம் நின்றது இரண்டே வரி:

ஊரையெல்லாம் டிக்கெட் கேட்டேன், உன்னைக் கேட்கலை;
எங்கே போறோம்னு ஒருநாளும் நீ என்னைக் கேட்கலை.

மச்சான், இந்த இரண்டு வரியை அவளிடம் தாங்கள் படித்துக் காட்ட வேண்டும். பாட வேண்டாம், தங்கள் குரலுக்கு அவள் இன்னும் தூரமாகப் போய்விடுவாள். சார்மாவில் உப்பு கூடவே இல்லை, என் நாக்குக்குத்தான் கொழுப்பு கூடிப்போனது என்று நான் மண்டியிட்டுச் சத்தியம் செய்வதாகச் சொல்லவும். அறுபதாம் பிறந்தநாளை அவள் தன் வீட்டில் கொண்டாட வேண்டும். அவள் இல்லாத வீடு எனக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டுப் புனிதர் தங்கள் முழங்காலையும் பன்றித் தொழுவத்தையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். விதாவின் அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

தங்கள் அன்புக்கும் மன்னிப்புக்கும் காத்திருக்கும்,
ஸ்வெதிஸ்லாவ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான், இது போய்ச் சேருவதற்குள் பிறந்தநாள் முடிந்துவிடும் என்று உறைத்தது. தங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். தாங்கள் தொழுவத்தில் இருந்தீர்களாம், அவளே எடுத்தாள். இரண்டு வரியையும் படித்தேன். இரண்டையும் கேட்டாள். அப்புறம், "சின்னதா இருக்கு, ஒண்ணு. நீ பாடலை, ரெண்டு. குறை என்னன்னா, எங்கிட்ட சொல்ல வேண்டியதை எதுக்கு எங்க அண்ணனுக்கு எழுதுற? நாளைக்கு நாலு பத்து பஸ்ல வர்றேன், ஸ்டாண்டுக்கு வந்து நில்லு" என்றாள். நான் "நன்றி" என்றேன்.

சார்மாவைப் பற்றி மேலே செய்த சத்தியத்தை மட்டும் அடித்துவிடவும். "உப்புக் கரிச்சது எனக்கும் தெரியும்யா, நான் ஒரு சிட்டிகைகூடப் போடலை. எல்லாம் அண்ணன் அனுப்பின விலா. அதை எப்படி அவர்கிட்டச் சொல்றதுன்னுதான் மூணு வாரமா முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்று அவளே சொல்லிவிட்டாள். ஆகையால் மச்சான், தங்கையை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டீர்கள், ஒன்று. திருப்பி அனுப்புகிறீர்கள், இரண்டு. குறை என்னவென்று தங்களுக்கே தெரிந்திருக்கும். சட்டப்படி தாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "நன்றி" என்று மட்டும் ஒரு கார்டு போடவும்.