சரிதான் சார் கட்டிய கணப்பு

உலகத்தில் யார் எந்த யோசனை சொன்னாலும் மறுக்காமல் ஏற்றுக்கொள்வதற்கென்று கடவுள் ஒரே ஒரு மனிதரைத்தான் படைத்தார். படைத்தவர் அவரைக் கொண்டுவந்து கொடைக்கானலில் என் பக்கத்து வீட்டில் குடிவைத்துவிட்டார். அவருடைய பெயர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் 'சரிதான் சார்'. குதிரைக்காரரோ கேரட் விற்கிறவரோ, யார் எது சொன்னாலும் தலையை ஆட்டி "சரிதான்" என்பார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை, சொன்னதைச் செய்தும் விடுவார்.

ஐம்பதுகளின் கடைசி அது. இருவரும் ஒரே சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாக்கள். ஒரே தகரக் கூரையின் கீழ், நடுவில் ஒரு சுவர் மட்டும் வைத்த இரண்டு வீடுகள். வீட்டில் எது பழுதானாலும் அவர் ஆள் வைக்க மாட்டார். சுத்தியலும் ரம்பமும் எடுத்துத் தானே இறங்குவார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டுக் கதவு ஊறிப்போய்ச் சாத்த வரவில்லை. "கீழதான் பிடிக்குது, கீழ இழைங்க" என்றார் ஆசாரி. "மேலதாங்க இடிக்குது" என்றார் அந்த வழியாகப் போன பஸ் டிரைவர். இருவர் மனமும் நோகக்கூடாது என்று சரிதான் சார் இரண்டு பக்கமும் இழைத்தார். வெயில் வந்தது, மரம் காய்ந்து சுருங்கியது. அப்புறம் அந்தக் கதவைச் சாத்தினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். கீழ்ச் சந்தில் பூனை வந்து போனது. மேல் சந்தில் பனிமூட்டம் வந்து போனது.

பிறகு கூரை ஒழுகியது. சோப்பு வைத்து அடைக்கச் சொன்னார் ஒருவர், சணல் என்றார் இன்னொருவர், தார் என்றார் மற்றொருவர். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிக்கொண்டு கூரைமேல் ஏறினார். அவர் வீட்டு ஒழுக்கு நின்றுவிட்டது. ஆனால் அவர் நடந்த நடையில் தகரம் பிதுங்கி, அதே மழை என் கட்டில்மேல் ஒழுக ஆரம்பித்தது.

"சார், என் வீட்ல ஒழுகுது!" என்று கத்திக்கொண்டு போனேன்.

"அப்படியா? எங்க வீட்ல நின்னுருச்சு சார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அந்த மனிதரிடம் கோபத்தை ஐந்து நிமிஷம் காப்பாற்றுவது பெரும்பாடு.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கு ஒரு நிஜமான கஷ்டம் இருந்தது. மனைவியும் கைக்குழந்தையும் பழனியில் இருந்தார்கள். மார்கழியில் ஒருமுறை வந்த அந்தம்மா, பல் கிட்டித்துப்போய் மறுவாரமே திரும்பிவிட்டார். "பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு இந்தக் குளுருல என்னால ஆகாதுங்க. வீட்டுக்குள்ள கொஞ்சம் சூடு இருந்தா சொல்லுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். மாமனாருக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. வீடு சூடாகவில்லை என்றால் மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுக் கடையில் வந்து உட்காரவேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

"பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழப்பழம் பிசையுறது எனக்குக் கஷ்டமில்ல சார்" என்று ஒருநாள் சரிதான் சார் என்னிடம் சொன்னார். "ஆனா மாமா காலையில இருந்து ராத்திரி வரைக்கும் யோசனை சொல்லுவாரு. நா அத்தனையும் செஞ்சாகணுமே!"

ஆகவே வீட்டுக்குள் குளிர்காயக் கணப்பு கட்டுவது என்று முடிவாயிற்று. செங்கல்லும் மண்ணும் வந்து இறங்கின. கூடவே யோசனைகளும் இறங்கின. பங்களா பட்லர், "சிம்னி மேல போகப்போக நேரோவா, குறுகலா இருக்கணும் சார், எங்க தொரை வீட்ல அப்படித்தான்" என்றார். சரிதான். லாரி டிரைவர், "சைலன்சர் கணக்கா ஒரு வளைவு குடுங்க, இல்லாட்டி மழ உள்ள எறங்கிரும்" என்றார். அதுவும் சரிதான். கடைசியாக வந்தார், மேல்மலைக் கிராமமான போளூரிலிருந்து ஞாயிற்றுச் சந்தைக்கு மலைப்பூண்டு கொண்டுவரும் பெரியவர். கணப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பொக வெரசா ஓடிரப்புடாது சாமி. மேல நின்னு ஊறி, மெதுவா எறங்கணும். குறுக்க ஒரு பரண் கட்டுங்க. வெளிய போற ஓட்டை கையளவு போதும்."

"சரிதான்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "புகை வெளியே போறதுக்குத்தானே சார் சிம்னி?"

"அவரு வீட்ல வருசம் பூரா அடுப்பு எரியுது சார். அவருக்குத் தெரியாததா?"

ஊரே யோசனை சொல்லும்போது என் பங்கும் இருக்கட்டும் என்று, கதவுச் சந்துகளைச் சாக்கை வைத்து அடைக்கச் சொன்னேன். அதற்கும் சரிதான்.

பழனிக்குத் தகவல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் வரும்போது வீடு கதகதவென்று இருக்கவேண்டும் என்று சரிதான் சார் வெள்ளனே எழுந்து தைலமரக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டினார். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுச் சுவர் விரிசலில் புகை வந்தது. நான் வெளியே ஓடிவந்தேன். அவர் எனக்கு முன்பே வெளியே வந்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துப் பழனிக்காரர்கள் மேட்டில் ஏறி வந்தார்கள்.

"ஏங்க! வீடு தீப்புடிச்சிருச்சா?"

"இல்ல... கணப்பு... மூட்டிருக்கேன்" என்று இருமலுக்கு நடுவே சொன்னார்.

சந்தைக்கு வந்திருந்த பூண்டுக்காரப் பெரியவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நேரே உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "பெரமாதம் சாமி! ஒரு துளி வெளிய போகல. பூண்ட எப்பக் கட்டப்போறீங்க?"

"என்ன பூண்டு?"

"என்ன பூண்டா? பூண்டில்லாமலா பொக மூட்டிருக்கீங்க?"

அவர் ஊரில் பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். புகை ஏற ஏறப் பூண்டு கெடாது. ஆபீஸ் சார் பூண்டு வியாபாரத்தில் இறங்குகிறார் என்று அவர் முடிவு செய்திருந்தார். எதற்குக் கணப்பு என்று இவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மாமனார் குடையை ஊன்றி நின்றார். "போதும் மாப்ளே. நா சொல்றதக் கேளுங்க. வேலைய எழுதிக் குடுத்துட்டு எங்கூடக் கெளம்புங்க."

நாங்கள் எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தோம். சரிதான் சார் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார்.

"முடியாது மாமா."

பூண்டுக்காரர்கூட வாயைப் பிளந்தார்.

"எனக்கு இங்கதான் சோலி. இத இடிச்சிட்டுத் திரும்பக் கட்டுவேன். ஒழுங்கா வர்ற வரைக்கும் கட்டுவேன்."

அந்தம்மா கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, வாசல் வழியே உள்ளே தலையை நீட்டிப் பார்த்தார். "உள்ள சூடாத்தாங்க இருக்கு. பொகதான் சாஸ்தி. கடப்பாரை எங்க?"

மாலை பஸ்ஸில் மாமனார் தனியாக மலையிறங்கிப் போனார். வளைவை இடித்து, ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். பூண்டுக்காரர் வருத்தப்படக்கூடாது என்று பரணை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்கப்புறம் பாதிப் புகை வானத்துக்குப் போனது. மீதி வழக்கம்போல என் வீட்டுக்கு வந்தது. அந்தக் குழந்தை ஒரு தும்மல்கூட இல்லாமல் அங்கேயே தவழ்ந்து நடந்து வளர்ந்தது.

சில வருஷங்கள் கழித்து எனக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்த சரிதான் சார், புகையேறிய பூண்டு ஒரு கொத்தைக் கையில் கொடுத்தார். பஸ் உறுமியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரு யோசனை சொல்லட்டுமா?" என்றார். அவர் யாருக்கும் யோசனை சொல்லி நான் கேட்டதே இல்லை.

"சொல்லுங்க சார்."

"போகாதீங்க."

இப்போது என் வீட்டுக் கூரை ஒழுகுவதில்லை. சுவரில் விரிசல் இல்லை, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. அன்றைக்கு நான் "சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கலாம்.