இடது கைக்கு ஒரு கிட்டார்

"இடது கைக்காரங்க வாசிக்கிற கிட்டார் இருக்கா?"

இசைக்கருவிக் கடையில் இதைக் கேட்கும்போதே சலூன்காரர் முகத்தில் அப்படியொரு பெருமை.

கூட வந்த அக்காவுக்கு ஆச்சரியம். "அந்தத் தையல்காரப் பொண்ணு இடது கையாடா?"

"மூணு வருஷமா பாக்கறேன்க்கா. அவ வாசிக்கறதப் பாத்துக்கிட்டேதான் முடியே வெட்டுவேன். எனக்குத் தெரியாதா?"

எதிர்க்கடைத் தையல்காரி வேலை ஓய்ந்தால் கிட்டாரை மடியில் எடுத்துக்கொள்வாள். அடடா, என்ன விரல்கள்! சலூனுக்கு வந்தவர்கள் முடி வெட்டி முடித்தாலும் நாற்காலியை விட்டு எழ மாட்டார்கள். போன வாரம் அந்தக் கிட்டார் கீழே விழுந்து கழுத்து முறிந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்து, மனசில் இருப்பதையும் இன்றே சொல்லிவிடுவது என்று வந்திருந்தார்.

"இடது கைக்குத் தயாரா இல்ல சார். வேணும்னா கம்பிய மாத்திக் கட்டலாம்," என்றார் கடைக்காரர்.

இருந்ததிலேயே இனிமையாக ஒலித்ததை எடுத்தார்கள். கம்பிகள் இடம் மாறின. கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டில், தடித்த கம்பி மெல்லிய கம்பியின் பள்ளத்தில் உட்காராமல் துள்ளியது.

"பள்ளத்தைப் பெருசா அறுங்க!"

அறுத்தார்கள். இப்போது மெல்லிய கம்பி, தடித்தது இருந்த அகலப் பள்ளத்தில் ஆடிக் கறகறத்தது.

"அந்தத் துண்டையே புதுசா செஞ்சு வைங்க!"

"சார், அப்புறம் வலது கைக்காரங்க இதைத் தொடவே முடியாது. நாங்களும் திருப்பி வாங்க மாட்டோம்."

"வலது கைக்காரங்க எதுக்குய்யா தொடணும்?"

சாயங்காலம், இரண்டு முறை சட்டை மாற்றி, அக்கா பிடித்துத் தள்ளியதில் ஒருவழியாகத் தெருவைக் கடந்தார்.

"எனக்கா?" தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையாக மடியில் வைத்தாள். விரல்கள் தடுமாறின. திருப்பி வைத்தாள். மறுபடியும் திருப்பினாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா எனக்கு வலது கைப் பழக்கம்."

"இருக்காதுங்க! நான்தான் தினமும் பாக்கறேனே!" சத்தியம் செய்யாத குறையாக நின்றார்.

அவள் கிட்டாரை அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கண்ணாடியிலேயே பாத்தா எல்லாருமே இடது கைதாங்க, நீங்க எப்பத் திரும்பிப் பாப்பீங்கன்னுதான் நானும் மூணு வருஷமா வாசிச்சுக்கிட்டு இருக்கேன்."