பாதி வாசகம்

கொள்கை வந்துவிட்டவன் கையில் பெயிண்ட் பிரஷ்ஷைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொள்கை வந்தது சென்னையில், கல்லூரிக் கடைசி ஆண்டில். விலங்குகளிடமிருந்து வரும் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, விடுமுறைக்குப் போர்ட் பிளேர் கப்பல் ஏறினேன். (வழி முழுக்க ஊறுகாய் சாதம். தியாகி என்றால் அப்படியொரு தியாகி.)

போர்ட் பிளேரில் ஹேடோ பகுதியில் அப்பாவின் துறைமுகக் குவார்ட்டர்ஸ். அம்மா வைத்த மீன் குழம்பை ஒதுக்கினேன், தயிரை ஒதுக்கினேன். ஒருநாள் காலை பால் டீயையும் தள்ளிவைத்து, "இது எனக்கானது இல்லை" என்றேன். அம்மா அதைத் தானே குடித்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் பெற்றவள் நான் தவழும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். பிறகு ராமநாதபுரத்திலிருந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த இந்த அம்மாதான் பால் பவுடர் கரைத்து என்னை வளர்த்தவள். வீட்டில் இதை யாரும் மறைத்ததில்லை, பேசியதும் இல்லை.

மறுநாள் பஜாரில் பலகை பிடித்து நிற்பதாகத் திட்டம். வாசகம் சென்னை நண்பர்கள் கொடுத்தது: 'அவள் உன் அம்மா இல்லை. அவள் பாலைக் குடிக்காதே.' மாட்டை 'அது' என்பது மரியாதைக் குறைவு, 'அவள்' என்றே எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. படிப்பவர் திடுக்கிட வேண்டும் என்பது இன்னொரு விதி. முதல் வரியை எழுதியதும் சிவப்பு பெயிண்ட் தீர்ந்துவிட்டது. காயட்டும் என்று ஹாலில் சாய்த்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

திரும்பியபோது அம்மா பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட் பை பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"வாயால சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். "இவ்வளவு பெருசா எழுதணுமா?"

"ஐயோ, அது மாடும்மா."

"நான் மாடா?"

"நீ இல்லம்மா. மாடுதான் அம்மா இல்லை."

"மாட்டை யாரு உனக்கு அம்மான்னு சொன்னது?"

பதறிப்போய்ப் புது டப்பாவைத் திறந்து, வாசகத்துக்குக் கீழே அவசரமாக ஒரு மாடு வரைந்து காட்டினேன். நாய் மாதிரி வந்தது. (கொம்பு வைத்த நாய்.)

டூட்டி முடிந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் பலகையைப் படித்தார். "யே க்யா ஹைடா? என்னடா இது? யாரு உனக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"விடுங்க" என்றாள் அம்மா. "புள்ள எழுதினது பொய்யில்லையே."

அந்த இடத்தில் நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். மாறாக, பால் பண்ணைகள் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அம்மா முழுவதையும் கேட்டாள். கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள் என்றபோது மட்டும் "பாவம்" என்றாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனவள், அங்கிருந்தே கேட்டாள்: "தேங்காப்பால் குடிப்பியா?"

பஜாருக்கு நான் போகவில்லை. பலகை தண்ணீர் டிரம்முக்கு மூடியானது. எழுத்து உள்பக்கம் போகும்படி அம்மாதான் கவிழ்த்து வைத்தாள்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. பால் இன்றும் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஃபோன் செய்வாள். "உன் அம்மா இல்லை பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். பின்னால் அப்பா சிரிப்பது கேட்கும். நானும் சிரிப்பேன். தீவிலிருந்து குரல் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில் அவளும் சிரிக்கிறாளா என்பது எனக்குத் தெரிவதேயில்லை.