கால் சுற்று

"அப்பா, உங்களை இதுவரைக்கும் யாராவது ஏமாத்தியிருக்காங்களா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"விட்டாத்தானே!" என்றார் அவர் பெருமையாக.

மருந்துத் தொழிற்சாலையில் பாட்டில் மூடிகளைத் திருகிப் பார்ப்பதுதான் அவர் வேலை. ‘செக்கிங்’ என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் கைபட்ட பாட்டில் எந்த நோயாளி வீட்டிலும் ஒழுகியதில்லை. அந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம். வீட்டுக்கு வரும்போது வாசலில் அதைக் கழற்றி வைக்காததுதான் தொல்லை.

அன்று சமையலறைத் தொட்டிக்கு அடியில் பிளம்பர் புதுக் குழாய் மாட்டி முடித்திருந்தார்.

"சரியா இறுக்கினீங்களா?"

"இறுக்கிட்டேண்ணே."

"கழட்டிக் காட்டுங்க."

காட்டினார். மூன்று முறை.

"முப்பது வருஷமா இதே வேலைதாண்ணே."

"முப்பது வருஷமாத் தப்பாவும் செய்யலாமே!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிளம்பர் சிரித்தார். "இதுக்கு மேல இறுக்காதீங்க. பிளாஸ்டிக் நட்டு, தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறுக்காதே என்று ஒருவர் சொன்ன பிறகு செக்கிங்குக்குக் கை சும்மா இருக்குமா? ஸ்பேனரை எடுத்தார். கால் சுற்றுதான். ‘டிக்’ என்றது.

ஒரு சொட்டு விழுந்தது. துணியைச் சுற்றினார், சொட்டு நூலானது. இன்னொரு கால் சுற்று, நூல் கயிறானது. தண்ணீரை நிறுத்த வால்வைத் திருகினார், அவசரத்தில் எதிர்ப்பக்கமாக. பத்தாவது நிமிடம் கீழ்வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது.

கீழ்வீட்டு அம்மாள்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நாற்பது வீட்டுக் குழாய் வேலையையும் அந்தப் பிளம்பருக்கே தருவதாக இருந்தார்.

மனைவி போன் செய்ததும் பிளம்பர் ஓடிவந்தார். உடைந்த நட்டைப் பார்த்தார். செக்கிங் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். குனிந்து வால்வைச் சரியான பக்கம் திருகி மூடினார்.

"பார்த்தீங்களா? சரியாவே இறுக்கலை!" என்றார் செக்கிங், முழங்கால்வரை நனைந்தபடி.

பிளம்பர் புது நட்டு போட்டார். தரையைத் துடைத்தார். கீழே போனார்.

கூடவே போன மனைவி கண் கலங்கத் திரும்பினாள். "அந்தம்மா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, ‘என் வேலைலதாம்மா தப்பு’ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாருங்க. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு படியில கேட்டேன். ‘நான் வந்து போற ஆளு. அண்ணன்தானே தினமும் இவங்க முகத்துல முழிக்கணும்’னாரு."

செக்கிங் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நாற்பது வீட்டு வேலை! கடவுள் சில நாள் கருவிப்பையோடு வீட்டுக்கு வருகிறார். நாம் பையைத் திறந்து காட்டச் சொல்கிறோம்.

பிளம்பர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, செக்கிங் தனியாகக் கீழே இறங்கினார்.

"அம்மா, தப்பு அவர் மேல இல்லை. நான்தான் இறுக்கி உடைச்சேன். வேலையை அவருக்கே கொடுங்க. நான் வந்து சொன்னது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

ஸ்டூல் மேல் நின்று கூரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பாமலே சொன்னார்:

"வேலை அப்பவே கொடுத்தாச்சு சார். அவர் கிளம்பிப் போனதுக்கு அப்புறம்தான் மேல ஸ்பேனர் சத்தம் கேட்டுச்சு. ஆனா ஒரு மனுஷன் இவ்வளவு அன்பாப் பொய் சொல்றப்போ, குறுக்குக் கேள்வி கேட்க எனக்கு மனசு வரலை."