மாப்பிள்ளை அனுப்பிய எண்ணெய்ப் பெட்டி

வட்டவளை,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை லோஜன் அவர்களுக்கு,

மாமனார் பொன்னையா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். முழங்காலிலிருந்து கழுத்து வரைக்கும் எரிந்து தணிந்தவன் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு, உங்கள் சுகத்துக்கும் மகள் சுலக்ஷனாவின் சுகத்துக்கும் முருகனை வேண்டிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கொழும்பில் ஓய்வு நேரத்தில் விற்கும் வாசனை எண்ணெய்களில் ஒரு பெட்டியை உங்கள் மாமிக்கு அன்பாக அனுப்பி வைத்தீர்கள், சந்தோஷம். ஆனால் நான் கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கும் அறையில் காலம் முழுக்க வேலை பார்த்தவன், தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் அந்த அறைக்குள் பவுடர் போட்டவனைக்கூட விடமாட்டோம். போன மாதம் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து காலையில் சங்கு ஊதினால் எழுந்து உட்கார்ந்துகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். தோட்டத்தை நடத்தும் துரை இரக்கப்பட்டு, "வெள்ளிக்கிழமை ஸ்டோருக்கு வாங்க, தற்காலிகமா வச்சுக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை முழங்கால் வலிக்கிறது என்று வாய்தவறிச் சொன்னேன். உங்கள் மாமி ராக்காயி புதினா எண்ணெயை அப்படியே உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள், மிச்சத்தை நான் குளிக்க வைத்திருந்த சுடுதண்ணீர் வாளியில் கவிழ்த்தாள். எண்ணெய் தண்ணீரில் கலக்குமா மாப்பிள்ளை, மேலேயே மிதந்து, நான் ஊற்றிய முதல் செம்பிலேயே மொத்தமாக என் மேல் இறங்கியது. முதலில் ஐஸ் மாதிரி, பிறகு நெருப்பு. எரியுதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன், இன்னும் எரிந்தது, கடைசியில் துண்டோடு லயத்து வீட்டு வாசலில் நின்று குதித்தேன், வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன சனம் முழுக்க நின்று பார்த்தது. "என்னடி செஞ்ச" என்றால், "நாலு சொட்டு போதும்னு சுலக்ஷனா சொன்னா, நாப்பது விட்டா சீக்கிரம் கேக்கும்னு நெனச்சேன்" என்கிறாள்.

டிஸ்பென்சரியிலிருந்து மருத்துவமாது ஜெயந்தினி ஓடிவந்து, "தண்ணிய ஊத்தாதீங்க, தேங்காயெண்ணெய தடவித் தொடைங்க, அப்புறம் சவக்காரம் போட்டுக் கழுவுங்க" என்று சொல்லிக் காப்பாற்றினாள். பிறகு உங்கள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் மாமிக்கு ஒரு பாடமே நடத்தினாள். எதையும் வெறுமனே தோலில் தடவக்கூடாதாம், தேங்காயெண்ணெயில் ஓரிரு சொட்டு கலந்து, முதலில் கையில் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டுமாம், குடிக்கவே கூடாதாம், கைக்குழந்தைக்குக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாதாம். எலுமிச்சை எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடுமாம். இதைக் கேட்டதும் உங்கள் மாமி முந்தானையால் கன்னத்தை மூடினாள். அதைத் தடவிக்கொண்டுதான் திங்கட்கிழமை முழுக்கக் கொழுந்து பறித்திருக்கிறாள், இப்போது கன்னத்தில் ஒரு கறுப்புப் படை. எங்கள் பூனையோ, கதவை அடைத்துக்கொண்டு இவள் இந்த எண்ணெயில் ஆவி பிடித்த அன்றே பக்கத்து வீட்டு முத்துலிங்கத்திடம் குடிபோய்விட்டது.

சரி, வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று தரம் குளித்தேன். ராக்காயி துவைத்து மடித்துத் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டோர் வாசலுக்குப் போனேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஜெயகாந்தன் பத்தடி தூரத்திலேயே கையைத் தூக்கினார்.

"பொன்னையாண்ணே, அங்கயே நில்லுங்க. என்னாண்ணே இது, மிட்டாய்க் கடை மாதிரி மணக்குறீங்க."

"குளிச்சிட்டுத்தான் தம்பி வர்றேன்."

"நீங்க உள்ள வந்தா இன்னிக்குத் தூள் பூரா புதினாவாப் போயிரும். நீங்களே எத்தன பேர இந்த வாசல்ல திருப்பி அனுப்பியிருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க."

அந்த வேலையை முத்துலிங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பூனையும் அவனிடம், வேலையும் அவனிடம். ஆகையால் மாப்பிள்ளை, அடுத்த ஞாயிறு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள், இந்த வியாபாரத்தையும் அடியோடு விட்டுவிடுங்கள். கோபத்தில் எழுதவில்லை, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
பொன்னையா.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ராக்காயிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "அந்தச் சட்டைக்கு உள்பக்கம் புதினா எண்ணெய தடவுனது நான்தான்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "கல்யாணத்தன்னிக்குத் தலையில வச்ச பூவோட சரி. உங்க ஸ்டோருக்கு ஆகாதுன்னு ஒரு பவுடர் போட்டிருக்கேனா, ஒரு வாசச் சவக்காரம் வாங்கியிருக்கேனா? இப்பதான் வீட்டுக்கு வந்தீங்க, திருப்பி ஓடப் பாக்குறீங்க" என்றாள். ஆகவே பெட்டியை எடுக்க வர வேண்டாம். மல்லிகை எண்ணெய் ஒன்று அனுப்புங்கள். கண்ட கண்ட சென்ட்டைக் கலந்ததாக இல்லாமல், செடியின் பெயர் போட்ட, நிறக் கண்ணாடிப் போத்தலில் வரும் நல்லதாகப் பார்த்து, தேங்காயெண்ணெயில் எத்தனை சொட்டு என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். அது வரும்வரை சும்மா இருக்க முடியாது என்பதால், நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஹட்டனுக்குப் பூ வாங்கப் போகிறோம். இந்தப் பகுதியை மட்டும் சுலக்ஷனாவுக்குக் காட்ட வேண்டாம்.